கறுப்பு டேப்புக்குக் கீழே

அத்தியாயம் பதினேழு

போன வாரம் அந்த வீட்டை விட்டுவிட்டு நாம் கிளம்பியபோது, சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கம் மகளும் அந்தப் பக்கம் மகனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டு அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "கிளட்ச், கிளட்ச்" என்று வருஷக்கணக்காகக் கத்தியதில், கற்றுக்கொண்டு போனவர்கள் வைத்த பெயர் கிளட்ச் மாஸ்டர். அந்தத் தொண்டையில்தான் இப்போது கட்டி. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். உயிர் தங்கும், குரல் தங்காது. டாக்டர் சொன்னபோது மாஸ்டர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிற மகள், தன் டிஎஸ்எல்ஆர் கேமராவில் அப்பாவை நடிக்க வைத்து ஒரு குறும்படம் எடுக்கப்போகிறேன் என்றாள். வெளியூரிலிருந்து வந்திறங்கிய மகன், "டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு, உனக்குப் படம் கேக்குதா?" என்றான். அங்கேதான் முகங்கள் திரும்பின.

முடிவு சொன்னது மாஸ்டர்தான். காலையில் பல் விளக்கிவிட்டு வந்தவர், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, "எப்படியும் போகப்போற குரல். மிச்சம் பிடிச்சு எந்த பேங்க்ல போடப்போறேன்?" என்றார். குரல் ஏற்கெனவே சரளைக் கல்லில் சக்கரம் ஏறுவதுபோலக் கரகரத்தது.

அவர் மனைவி அப்போது படுக்கையறையில் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு சட்டை, துண்டு, சோப்பு, செருப்பு. பிஸ்கட் ஃபேக்டரியில் பாக்கெட் ஒட்டும் மெஷினில் நிற்கிறவள் அவள். எதை அடுக்கினாலும் இடுக்கு விடாமல் அடுக்குவாள்.

கூடத்தில் மாஸ்டரின் ஃபோன் அடித்தது. யாரென்று அவளுக்குப் பேச்சிலேயே தெரிந்தது. அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிற, ரிவர்ஸ் எடுக்கப் பயப்படுகிற பல் டாக்டர்.

"வியாழக்கிழமை வாங்க, டாக்டரம்மா. ரிவர்ஸ் எடுத்துப் பார்த்துடுவோம். பல்லைப் பிடுங்கறதை விடவா இது கஷ்டம்?"

புதன்கிழமை ஆபரேஷன். வியாழக்கிழமை இவர் எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். இல்லை என்று யாரிடமும் சொல்லத் தெரியாத மனுஷன், பாவம், வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மகள் பின்னால் வந்து நின்றாள். "அம்மா, உனக்குத்தான் சவுண்டு."

"எனக்கா? எனக்கு என்னடி தெரியும்?"

"ஒரே ஒரு பட்டன். நான் 'போடு'ன்னா அமுக்கு, ஓடும். 'கட்'னா மறுபடி அமுக்கு, நிக்கும். உன் ஃபேக்டரி மெஷினை விட லேசு." பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "சும்மா உக்காந்து பேசுங்கப்பான்னா அவர் பேசுவாரா? படம்னாதான் பேசுவாரு. அதுக்குத்தாம்மா இவ்வளவும். நாளைக்கு அப்புறம் நம்மகிட்ட இருக்கப்போறது இது மட்டும்தான்."

அம்மா மகளின் கையிலிருந்து ரெக்கார்டரை வாங்கிக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சாமான். இதற்குள் அந்தக் குரல் முழுவதும் போய் உட்காரப்போகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

*

படப்பிடிப்பு வீட்டு வாசலில், மாஸ்டரின் பழைய பயிற்சிக் காருக்குள். கதை இதுதான்: கிழட்டு வாத்தியார் ஒருவர், முதல் நாள் கற்றுக்கொள்ள வந்த பையனிடம், தன் பிள்ளைகளிடம் சொல்லாததையெல்லாம் சொல்கிறார். பையனாக நடிக்க ஆள் இல்லை. மகன் முறைத்துக்கொண்டே ஓட்டுநர் சீட்டில் ஏறினான்.

"நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்குத் தெரியாத மாதிரி நடிக்கறது கஷ்டம்" என்றான்.

"உனக்கு என்ன கஷ்டம்? நீ இயல்பா ஓட்டு, போதும்" என்றார் மாஸ்டர்.

படத்தில் தெரியாமல் பின் சீட்டில் ஒடுங்கியிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அந்தப் பேச்சுக்குள் ஒரு முள் உண்டு. மகன் அப்பாவிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளே திட்டுப் பொறுக்காமல் இறங்கிப்போய், அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டான். ஊரெல்லாம் சிரித்தது. அதைப் பற்றி அப்பாவும் பிள்ளையும் இன்றுவரை நேருக்கு நேர் பேசியதில்லை.

மகள் காரின் முன்னால், பானெட்டுக்கு அந்தப் பக்கம் கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தாள். முன் கண்ணாடியில் வானம் தெரியாமலிருக்க, கூரையிலிருந்து கறுப்புப் போர்வை ஒன்றைத் தாழ்வாரம் மாதிரி நீட்டிக் கட்டியிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற கேமராவுக்கு உள்ளே பேசுவது கேட்காது. அதனால் வெயில் மறைப்பில் ஒரு சின்ன மைக்கைச் செருகி, அதன் ஒயரைப் பின் சீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவின் கையிலிருந்த ரெக்கார்டரில் மாட்டியிருந்தாள். கேமராவில் படம், ரெக்கார்டரில் குரல். தொடங்கும்போது மகள் கதவைத் திறந்து உள்ளே கை நீட்டி ஒரு தட்டுத் தட்டுவாள். கை சேருவது படத்திலும், 'பட்' என்ற சத்தம் ரெக்கார்டரிலும் விழும். அதை வைத்துத்தான் அப்புறம் இரண்டையும் ஒட்டுவது.

அம்மாவின் காதில் பெரிய ஹெட்ஃபோன். கண்ணாடிக் காம்பை அது நசுக்கி வலித்ததால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ரெக்கார்டரின் சின்னத் திரையில் என்ன எழுத்து ஓடுகிறது என்று தெரியாது. அதனாலென்ன, குரல்தான் காதுக்குள்ளேயே கேட்கிறதே. இத்தனை வருஷமாகக் கேட்ட குரல், இன்றைக்குத்தான் இவ்வளவு பக்கத்தில் கேட்கிறது. அவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. விழுங்கும்போது வலிக்கிறது என்பதும் கேட்டது.

"அம்மா, போடு."

அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் கை தட்டிக் கதவை மூடினாள்.

"கிளட்ச்சை மெதுவா விடு" என்றார் மாஸ்டர். "அவசரப்பட்டா வண்டி குதிக்கும். பயந்தா நின்னுடும்."

"கட்."

அமுக்கினாள். விளக்கு அணைந்தது. மகள் ரெக்கார்டரை வாங்கி, பதிவைப் போட்டுக் கேட்டாள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அம்மாவுக்கு உள்ளூர ஒரு பெருமை. ஃபேக்டரியில் தன் கை ஒருநாளும் தப்பியதில்லை.

படத்தையும் போட்டுப் பார்த்தாள் மகள். அதில்தான் ஒரு குறை. "அப்பா தோளுக்குப் பின்னால சிவப்பா ஒரு புள்ளி தெரியுது. ரெக்கார்டர் லைட்டு."

கறுப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிழித்தாள். பட்டனைச் சுற்றி எரிகிற அந்த விளக்கின்மேல் ஒட்டி, பிய்ந்து வராமலிருக்கக் கட்டைவிரலால் அழுத்தினாள். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

"இனிமே தெரியாது" என்று அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

*

அதற்கப்புறம் வெயில் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கியது. இன்ஜினை அணைத்து, ஜன்னல்களை ஏற்றிவிட்ட காருக்குள் மூன்று பேரும் வெந்தார்கள். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினால் நிறுத்துவார்கள். லாரி போனால் நிறுத்துவார்கள். மகள் எழுதிய வசனத்தை மாஸ்டர் வாயில் போட்டு மென்று, துப்பாத குறையாகச் சொன்னார்.

"'பாதை நம்மைத் தேர்ந்தெடுக்கிறது மகனே'. ஏம்மா, வண்டிக்குள்ள எவனாவது இப்படிப் பேசுவானா? பேசினா நான் இறங்கிடுவேன்."

"படத்துல பேசுவாங்கப்பா."

"அந்தப் படத்துலேந்தும் இறங்கிடுவேன்."

ஆனாலும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. ஒவ்வொரு 'கட்'டுக்கும் பிறகு மனைவி ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். மகன் நடிப்பை விட்டுவிட்டு, அப்பாவின் முதுகை நீவிவிட ஆரம்பித்தான். நிற்கிற வண்டியில் அவன் கியரைத் தப்பாகப் போடுவதுபோல நடித்தபோதெல்லாம், மாஸ்டரின் வலது கால் தன் பக்கத்துப் பிரேக்கில் போய் அழுந்தியது. பயிற்சிக் காரில் வாத்தியாருக்கும் தனிப் பிரேக் உண்டல்லவா? அந்தக் காலுக்கு எந்த வண்டியும் ஒன்றுதான். பஸ்ஸில் உட்கார்ந்தாலும், பயமுறுத்துகிற சேதி எதையாவது வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாலும், தரையை அழுத்தும். "தரைக்குப் பிரேக் பிடிக்கிறார்" என்று வீட்டில் ஒரு கேலி.

கடைசி 'கட்' சொன்னபோது மாஸ்டருக்குப் பேச்சு பாதி காற்றாக வந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுப்பா. எல்லாம் கிடைச்சுடுச்சு" என்றாள். அவளும் மகனும் போர்வையை அவிழ்த்து, ஸ்டாண்டை மடக்கி உள்ளே கொண்டு போனார்கள். ஃபிளாஸ்க் காலி. அம்மா ரெக்கார்டரைச் சீட்டின்மேல் வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனாள். திரும்பி வந்தபோது மாஸ்டர் முன் சீட்டில் அப்படியே, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்தாங்க" என்றாள். வாங்கிக் குடித்தார். அதோடு அவர் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. கையைக் காட்டினார், படுத்துக்கொள்கிறேன் என்று.

மகள் ரெக்கார்டரை எடுத்து டேப்பை உரித்தாள். கீழே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, கடைசியில நிறுத்த மறந்துட்டியா?" என்று சிரித்தாள்.

"நிறுத்தினேனே" என்றாள் அம்மா.

"பரவாயில்ல, விடு."

மகள் விட்டுவிட்டாள். அம்மாவால் முடியவில்லை. உரித்த டேப் துண்டு கார்க் கதவில் ஒட்டிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்தினேனே. 'கட்' என்றதும் என் விரல் போனதே.

*

கம்ப்யூட்டர் முன்னால் மகளும், அவள் தோளுக்குப் பின்னால் மகனும். அம்மா கதவோரம்.

முதல் பதிவில் 'பட்' என்று கைதட்டல் கேட்டது. படத்தோடு ஒட்டியது. "கிளட்ச்சை மெதுவா விடு" என்றார் மாஸ்டர்.

இரண்டாவது பதிவில் கைதட்டல் இல்லை. துணி உரசும் சத்தம், பிறகு மகளின் குரல்: "அம்மா, போடு." அத்தோடு நின்றது.

மூன்றாவது. "அப்பாடா, முதுகு ஒட்டிக்கிச்சு" என்று மாஸ்டர். வெந்நீர் ஊற்றும் சத்தம். "அம்மா, போடு." நின்றது.

நான்காவதும் அப்படியே. ஐந்தாவதும் அப்படியே. அதற்கப்புறம் திறந்த பதிவுகளும் மகளின் "அம்மா, போடு"வில் போய் முடிந்தன.

மகள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "தலைகீழா ஓடியிருக்கு" என்றாள். சத்தமே இல்லை அவள் குரலில். "நடிக்கும்போது நின்னிருக்கு. நின்னபோது ஓடியிருக்கு. நாள் பூரா. நின்னாலும் ஹெட்ஃபோன்ல குரல் கேக்கும், அதான் தெரியல."

"கேமராவுல?" என்றான் மகன்.

"அது கண்ணாடிக்கு வெளியே இருந்துச்சு. லாரிதான் கேக்கும்."

மறுபடி எடுக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த அறையில் குரல் தீர்ந்துபோய் ஒருவர் படுத்திருக்கிறார். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

"எப்படி மாறுச்சு? முதல் ஷாட் சரியாத்தானே இருந்துச்சு? நான் கேட்டேனே, என் காதாலயே கேட்டேனே" என்று மகள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வெளுத்த நகம் கண்ணெதிரே வந்தது. டேப்பை அழுத்திய மகளின் கட்டைவிரல், அதற்குக் கீழே இருந்த பட்டனையும் சேர்த்து அழுத்தியிருக்கிறது. அம்மாவின் விரல் அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தப்பவில்லை. தப்பாத விரல், தப்பாமல் தலைகீழாக அமுக்கியிருக்கிறது.

"நான்தாண்டி" என்றாள். "எப்பவோ ஒருதரம் சேர்த்து அமுக்கிட்டேன் போல. கண்ணாடி வேற போடல பாரு."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கோபப்படத் திராணியில்லாத பார்வை. அந்தப் பார்வையை அம்மா அப்படியே வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் தன் மேலிருந்து இறங்கிவிடும் பாரம்தான். ஆனால் இறங்கி யார் தலையில் போய் ஏறும்? இந்தப் பெண் இனி ஆயுசுக்கும் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது வேண்டாம்.

மகன் "நான் அப்பவே சொன்னேன்" என்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. குனிந்து மவுஸைப் பிடித்து, அடுத்த பதிவைத் திறந்தான்.

காருக்குள் சீட் முனகியது. பிறகு மாஸ்டர்.

"ஏன்டா, அந்த அடுத்த தெருக்காரன் நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கான்."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீ வண்டியைப் பின்னால எடுத்தப்ப ஒருநாள் பார்த்தேன். கழுத்தைத் திருப்பிப் பார்க்கற. கண்ணாடியை மட்டும் நம்பறதில்ல. மாடியிலேந்து பார்த்துட்டு உள்ள போய்ட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கண்ணாடியைப் பார்க்க ஆரம்பிச்சுடுவ."

பதிவில் மகன் சிரித்தான். கம்ப்யூட்டர் முன்னால் நின்ற மகன் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான். "அம்மா, போடு" என்றது பதிவு. நின்றது.

"மருந்துக் கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டான். மருந்தெல்லாம் காலையிலேயே வாங்கியாகிவிட்டது. யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. மகள் முகம் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஹெட்ஃபோனை அதன்மேலேயே மாட்டினாள். வலித்தது. பட்டியலின் அடியில், யாரும் திறக்காத ஒன்று மிச்சம் இருந்தது. தான் வெந்நீர் போடப் போனபோது ஓடிக்கொண்டிருந்த பதிவு. அதைத் திறந்தாள்.

மகளின் "முடிஞ்சுதுப்பா". கார்க் கதவு சாத்துகிற சத்தம். தன் செருப்புச் சத்தம் தூரப் போவது. பிறகு தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். சீட் முனகியது. அவர் பின்பக்கம் திரும்பி, ரெக்கார்டரைக் கையில் எடுக்கிறார்.

"அட" என்றார் மாஸ்டர், காதுக்குள். "நம்பர் ஓடுது. ஓடிட்டா இருக்கு?"

மூச்சு.

"'கட்'டுக்கு அவ அமுக்கின சத்தம் கேட்டுச்சே. அப்போ அத்தனையும்..." சிரிப்பா, இருமலா என்று தெரியாத ஒன்று. "பாவம் பிள்ளை. தெரிஞ்சா உடைஞ்சு போயிடும். இப்பச் சொல்ல வேணாம்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவள் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினாள்.

"இவளே."

கை நின்றது. அவளைக் கூப்பிட அவருக்கு இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

"இவளே, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரல. காலையில முயற்சி பண்ணினேன். நீ பையை அடுக்கிட்டு இருந்த. அவ்வளவு அழகா அடுக்கற, எப்படிச் சொல்றது?" விழுங்கினார். விழுங்கியது அவளுக்கும் வலித்தது. "அந்த டாக்டர் சொன்னதுக்கு நான் தலையை ஆட்டினேன்ல, அது வந்து... கோவிச்சுக்காத. நான் நல்லா யோசிச்சுட்டேன். நாளைக்குக் காலையில நான்..."

செருப்புச் சத்தம். வேகமாக, பக்கத்தில்.

"இந்தாங்க."

தன் குரல். டம்ளரைக் கொடுக்கிற, அவசரமான, அன்பான, அசட்டுக் குரல். அதற்கப்புறம் அவர் வெந்நீர் குடிக்கிற சத்தம்தான். மடக்கு, மடக்கு, மடக்கு.

அவள் மறுபடி போட்டுக் கேட்டாள். மறுபடியும் "நாளைக்குக் காலையில நான்" என்ற இடத்தில் அவள் செருப்பு வந்தது. இன்னொரு முறை கேட்டாள். வரவேண்டாமே, இன்னும் ஒரு நிமிஷம் அடுப்படியிலேயே நிற்கக்கூடாதா என்று அந்தச் செருப்பைக் கெஞ்சினாள். அது வந்தது.

வியாழக்கிழமை வாங்க, டாக்டரம்மா. ரிவர்ஸ் எடுத்துப் பார்த்துடுவோம்.

அது வாய்க்கு வந்ததைச் சொன்ன பேச்சு இல்லை. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். படுக்கையறைக் கதவு சாத்தாமல் இருந்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியே ஆஸ்பத்திரிப் பையின்மேல் விழுந்திருந்தது. மாஸ்டர் தூங்கவில்லை. கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எதிரே போய் நின்றாள்.

"நாளைக்குக் காலையில என்ன? சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கேட்டுவிட்டாள் என்று புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, காற்று வந்தது. குரல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றுவிட்டு, தோளைத் தளர்த்திக்கொண்டார்.

அவள் கீழே பார்த்தாள். வெறும் சிமெண்ட் தரையில், அவருடைய வலது பாதம் மெல்ல அழுந்தியது. அழுந்திய பாதம் எழவே இல்லை.